பிளேட்டிங் பிரச்சனையோட காரைக்குடி சிக்ரிக்குப் போறீங்களா? இதப் படிச்சுட்டுப் போங்க

எங்க தொழிற்பேட்டையில யாரக் கேட்டாலும் சிக்ரின்னா (சென்ட்ரல் எலக்ட்ரோகெமிக்கல் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்) "அது பிஎச்டி படிக்கிறவங்க போற எடம்ப்பா, நமக்கெல்லாம் கேட்டுலயே கும்பிடு போட்டு அனுப்பிருவாங்க"ன்னுதான் சொல்லுவாங்க. கப்பலூர்ல இருந்து மேலூர், திருப்பத்தூர் வழியா வண்டிய விட்டா காரைக்குடி. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் குடும்பத்தோட போயிட்டு வர்ற ஆளுங்கதான் நாம எல்லாரும். ஆனா எலக்ட்ரோகெமிஸ்ட்ரிக்குன்னே, அதாவது மின்வேதியியலுக்குன்னே, சென்ட்ரல் கவர்மெண்ட் வச்சிருக்குற ஆராய்ச்சி நிலையம் அதே ரோட்டுல இருக்கு, பிளேட்டிங் கடை (ஒரு உலோகத்து மேல இன்னொரு உலோகத்த கரண்ட் வச்சுப் படிய வைக்கிற தொழில்) வச்சிருக்குற நம்மள்ல பாதிப் பேரு அந்தப் பக்கம் திரும்பிக்கூட பாத்ததில்ல. நமக்கு பாத்ல, அதாவது பீச முக்கி பிளேட் பண்ற கரைசல்ல, பிரச்சனைன்னா கெமிக்கல் சப்ளையருக்கு போன் போடுவோம், அவரு ஒரு கேன் பிரைட்னர் (பளபளப்பு குடுக்குற கெமிக்கல்) ஊத்தச் சொல்லுவாரு, ஊத்துவோம், அம்புட்டுதான் நம்ம ஆராய்ச்சி.

நான் ஜிங்க் (துத்தநாகம்) பிளேட்டிங் ஜாப் ஒர்க் பண்றேன். போல்ட், நட், வாஷர், சின்னச் சின்ன பிரஸ் கம்போனன்ட், பெரும்பாலும் பேரல்ல, அதாவது ஓட்டை போட்ட சுத்துற டிரம்முல, போடுறது. ஆசிட் ஜிங்க் பாத், மேல துருவத் தடுக்க புளூ பேசிவேஷன்னு ஒரு மெல்லிசான படலம். வந்த பிரச்சனை என்னன்னா, பாத்ல இருந்து தூக்கும்போது பீஸ் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கும், நைட்ரிக் டிப் (லேசான நைட்ரிக் ஆசிட்ல ஒரு முக்கு) குடுத்து பேசிவேஷன்ல போட்டு எடுத்தா போல்ட்டோட தலை ஓரமும் மரை நுனியும் மட்டும் கருப்படிச்சுக்கும். நடுவுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கஸ்டமர் மொத்த லாட்டையும் திருப்பிவிட்டு டெபிட் நோட்டும் போட்டுட்டாரு. சப்ளையர் ஆளு பேசிவேஷன மாத்தச் சொன்னாரு, மாத்தினோம், அப்புறம் பிரைட்னர் கம்மின்னாரு, ஊத்தினோம், ஒண்ணும் நடக்கல. எங்க சூப்பர்வைசர் அண்ணன்தான் "சிக்ரியில பிளேட்டிங்குக்குன்னே ஆளுங்க இருக்காங்களாமே, ஒரு தடவ கேட்டுத்தான் பாப்போமே"ன்னாரு.

முதல்ல சொல்ல வேண்டியது, நேரா வண்டிய எடுத்துட்டுப் போய் கேட்ல நிக்காதீங்க. அது கவர்மெண்ட் வளாகம், செக்யூரிட்டி இருக்கும், யாரப் பாக்கணும் எதுக்குன்னு கேப்பாங்க, "சும்மா ஒரு டவுட்டு"ன்னு சொன்னா உள்ள போக முடியாது. முன்கூட்டியே மெயில் போடுங்க. வெப்சைட்டுக்குப் போனா எந்தப் பிரிவுல யார் யார், என்ன வேல பண்றாங்கன்னு இருக்கும், கம்பெனிக்காரங்க விஷயத்த பாக்குறதுக்குன்னே தனியா ஒரு பிரிவும் இருக்கும். அப்பாயின்ட்மெண்ட் கெடச்சதும் அந்த மெயில பிரிண்ட் எடுத்து ஆதாரோட கையில வச்சுக்கங்க.

மெயில்ல என்ன எழுதணுங்கறதுதான் முக்கியம். நான் முதல்ல எழுதி வச்சிருந்தது "எங்க கம்பெனியில பிளேட்டிங் கருத்துப் போகுது, தீர்வு சொல்லவும்". அண்ணன் மகன் காலேஜ்ல படிக்கிறான், அவன் பாத்துட்டு "சித்தப்பா, இதுக்கு யாரு என்ன பதில் சொல்றது"ன்னு சிரிச்சான். அப்புறம் அவனும் நானும் உக்காந்து திருப்பி எழுதினோம்: என்ன பாத், எத்தன லிட்டர், பேரலா ரேக்கா (பீச மாட்டி எறக்குற சட்டம்), எத்தன ஆம்பியர்ல எவ்வளவு நேரம், பிஹெச் என்ன, வெப்பநிலை என்ன, கருப்பு எந்த ஸ்டேஜ்ல வருது, பீஸ்ல எந்த எடத்துல வருது, எந்த மாசத்துல ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி என்னத்த மாத்தினோம். இதெல்லாம் எழுத ஆரம்பிச்சதும்தான் பாதி கேள்விக்கு எங்ககிட்டயே பதில் இல்லன்னு புரிஞ்சுது. ரெண்டு வாரம் நோட்டுப் போட்டு தெனமும் குறிச்சு வச்சுட்டுத்தான் மெயிலே அனுப்பினோம். பதில் வந்துச்சு, சாம்பிளோட வரச் சொல்லி.

சாம்பிள் விஷயம் கொஞ்சம் விரிவா சொல்றேன், இதுலதான் நெறைய பேரு கோட்ட விடுறாங்க. பாத் தண்ணிய பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல எடுத்துட்டுப் போறது, அதுல ஏற்கனவே என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். புது பிளாஸ்டிக் பாட்டில் வாங்கி, அந்த பாத் தண்ணியவே ஊத்தி ரெண்டு தரம் அலசிக் கொட்டிட்டு, அப்புறம் நெறய புடிங்க. டேங்க் மேலாக்க அள்ளாதீங்க, நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போது நடு ஆழத்துல இருந்து எடுங்க. பாட்டில் மேலயே டேங்க் நம்பர், தேதி, நேரம், அன்னைக்கு பிஹெச் எல்லாம் அழியாத மார்க்கர்ல எழுதுங்க. ஒரு லிட்டராவது வேணும், கொஞ்சூண்டு குடுத்தா டெஸ்ட்ட திருப்பிப் பண்ண முடியாது. அப்புறம் தயவுசெஞ்சு இத பஸ்ல தூக்கிட்டுப் போகாதீங்க. ஜிங்க் பாத்தே அமிலம்தான், சயனைடு பாத் வச்சிருக்கவங்க மொதல்லயே லேப்ல சொல்லிருங்க, அது வேற கத.

கெட்ட பீஸ் மட்டும் எடுத்துட்டுப் போறதுதான் இன்னொண்ணு. அங்க இருந்த மேடம் கேட்ட மொத கேள்வியே "நல்லா வந்த பீஸ் எங்க?"ங்கறதுதான். அதே போல்ட், அதே கம்பி, பிரச்சனை வர்றதுக்கு முன்னாடி பிளேட் பண்ணுனது. நல்லவேளையா ஸ்டோர்ல பழைய அப்ரூவல் சாம்பிள் ஒண்ணு கெடந்துச்சு, அத அண்ணன் கையில எடுத்துட்டு வந்திருந்தாரு. பிளேட்டிங் பண்ணாத வெறும் பீசும் கேட்டாங்க. அதாவது மூணு: வெறும் பீஸ், நல்ல பீஸ், கெட்ட பீஸ். இந்த மூணும் இல்லாம போனா இன்னொரு தரம் அலைய வேண்டியதுதான்.

அங்க பண்ணுனது பெரிய மெஷின்ல ஒண்ணும் இல்ல. நானும் ஏதோ பெரிய மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாப்பாங்கன்னு நெனச்சேன். ஒரு சின்ன அக்ரிலிக் டப்பா, நாலு பக்கத்துல ஒரு பக்கம் மட்டும் சாய்வா இருக்கு. ஹல் செல்லுன்னு பேரு. 267 மி.லி. கோடு வரைக்கும் எங்க பாத்த ஊத்துனாங்க, ஒரு பக்கம் ஜிங்க் ஆனோடு (கரண்டோட பிளஸ் முனை), சாய்வுப் பக்கம் ஒரு தகடு. ஒரு ஆம்பியர்ல கொஞ்ச நேரம் ஓட விட்டு தகட எடுத்தாங்க. ஆனோடுக்குக் கிட்ட இருக்குற முனையில கரண்ட் ஜாஸ்தி பாயும், தள்ளி இருக்குற முனையில கம்மியாப் பாயும், அதனால ஒரே தோசையில ஒரு ஓரம் முறுகலும் இன்னொரு ஓரம் மெத்துன்னும் இருக்குற மாதிரி, நம்ம கடையில வர்ற எல்லா கரண்ட் அளவும் அந்த ஒரு தகட்டுல வந்துரும். தகடு மொத்தமும் பளிச்சுன்னுதான் இருந்துச்சு. நான் அண்ணனப் பாத்தேன், அண்ணன் என்னப் பாத்தாரு, பாத்ல கோளாறே இல்லன்னு சொல்லப் போறாங்கன்னு நெனச்சோம். அப்புறம் அந்தத் தகட பாதி வரைக்கும் லேசான நைட்ரிக் ஆசிட்ல முக்கி எடுத்தாங்க பாருங்க, முக்குன பாதியில கரண்ட் ஜாஸ்தியான ஓரம் மட்டும் அப்படியே கருத்துப் போச்சு. முக்காத பாதி அதே பளபளப்பு. எங்க போல்ட்ல வந்த அதே கருப்பு.

"பாத்ல இரும்பு ஏறியிருக்கு"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் கேள்வி மேல கேள்வி. பேரல் ஓட்டை எத்தன மி.மீ., சின்ன வாஷர் அதுல நழுவி விழுமா, விழுந்தத எப்ப எடுப்பீங்க, பிக்ளிங்குக்கு (ஆசிட்ல முக்கி துரு எடுக்குறது) அப்புறம் எத்தன ரின்ஸ் (தண்ணியில அலசுறது), ரின்ஸ் தண்ணி ஓடுதா நிக்குதா. விஷயம் இதுதான்: ஆசிட் ஜிங்க் பாத்ல இரும்புப் பீஸ் அடியில விழுந்து கெடந்தா அது சும்மா கெடக்காது, மெதுவா கரையும். பிக்ளிங் ஆசிட்ல கரைஞ்ச இரும்பும் பீஸோட ஒட்டிக்கிட்டு சரியா அலசாம உள்ள வரும். அந்த இரும்பு ஜிங்க்கோட சேந்து படியுது, கரண்ட் ஜாஸ்தியா இருக்குற ஓரத்துல, நுனியில நெறைய படியுது, நைட்ரிக்குலயும் பேசிவேஷன்லயும் போட்டதும் கருப்பா வெளிய தெரியுது. பிரைட்னர் எத்தன கேன் ஊத்தினாலும் போகாது, ஏன்னா பிரைட்னருக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல.

வைத்தியம் என்னவோ சுலபம்தான். ஹைட்ரஜன் பெராக்சைட நல்லா தண்ணியில கலந்து, மெதுவா, பாத்த கலக்கிக்கிட்டே ஊத்தணும், இரும்பு ஆக்சிடைஸ் ஆகி செம்பழுப்பா சகதி மாதிரி பிரிஞ்சு வரும், அத ஃபில்டர்ல புடிச்சு எடுத்துரணும். பிஹெச் சரியா இருக்கணும், இல்லன்னா பிரியாது. எவ்வளவு ஊத்தணுங்கறது ஒவ்வொரு பாத்துக்கும் மாறும், அத இங்க எழுதுனா யாராவது அப்படியே ஊத்துவீங்க, அதனால எழுதல. ஜாஸ்தி ஊத்துனா பிரைட்னரும் சேந்து போயிரும். அதோட டேங்க் அடியில மேக்னட்ட விட்டு விழுந்த பீச எல்லாம் எடுத்தோம். எடுத்தது ஒரு பக்கெட்டுக்கு மேல. அண்ணன் அதப் பாத்து "இதுல ஒரு லாட்டே போட்ருக்கலாமேய்யா"ன்னு சொன்னத இன்னும் கடையில சொல்லிச் சிரிப்பாங்க.

இதவிட எனக்கு லாபமான விஷயம் அந்த ஹல் செல் டப்பாதான். வெலையும் பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு சின்ன ரெக்டிஃபையரோட (டிசி கரண்ட் குடுக்குற பெட்டி) செட்டா கெடைக்கும். கருப்பு கரண்ட் ஜாஸ்தியான ஓரத்துலயா கம்மியான ஓரத்துலயா வருதுன்னு பாத்தே பாதி விஷயத்தப் புடிச்சரலாம். செம்பு பஸ்பார் (கரண்ட் போற பட்டை), கொக்கி ஏதாவது கரைஞ்சு பாத்ல செம்பு ஏறியிருந்தா கம்மியான ஓரத்துல கருக்கும், இரும்புன்னா எதிர்ப்பக்கம். பிரைட்னரையே இப்ப நேரா டேங்க்ல ஊத்துறதில்ல, மொதல்ல டப்பாவுல ஒரு சொட்டு ரெண்டு சொட்டு விட்டுப் பாத்துட்டுத்தான். சப்ளையர் பில்லு கொறஞ்சுருச்சு, அவரு கொஞ்சம் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டாரு, அது அவர் பாடு.

இப்ப காசு விஷயம். ஆலோசனை கேக்குறது வேற, டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் வாங்குறது வேற, கன்சல்டன்சி ப்ராஜெக்ட்டுன்னு போடுறது வேற, அவங்க கண்டுபிடிச்ச டெக்னாலஜிய லைசென்ஸ் எடுக்குறது இன்னும் வேற. ஒவ்வொண்ணுக்கும் தனி வழி, தனி பேப்பர். டெஸ்ட்டுன்னா லெட்டர் குடுத்து, அவங்க கொட்டேஷன் குடுத்து, பணத்த முன்னாடியே கட்டிட்டுத்தான் வேல ஆரம்பிக்கும், 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. ஜிஎஸ்டி நம்பர், உத்யம் (சிறு தொழில் பதிவு) சர்டிபிகேட் எல்லாம் முதல் லெட்டரோடவே வச்சுருங்க, சின்னத் தொழிலுக்கு சலுகை இருக்கான்னும் அப்பவே கேட்டுக்கங்க. நாளைக்கு டிஸ்பாட்ச், இன்னைக்கு ரிப்போர்ட் வேணும்னு போய் நின்னா எந்த கவர்மெண்ட் லேப்லயும் நடக்காது, அதுக்கு பிரைவேட் லேப் இருக்கு. இங்க போறது "ஏன் இப்படி ஆகுது"ன்னு கேக்குறதுக்கு.

ரிப்போர்ட்ட பத்தி ரெண்டு விஷயம். உங்க கஸ்டமர் என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு) முத்திர இருந்தாத்தான் ஏத்துக்குவாரான்னு மொதல்லயே கேட்டுருங்க. எந்த லேப்பா இருந்தாலும் எல்லா டெஸ்ட்டுக்கும் அந்த அங்கீகாரம் இருக்காது, உங்க டெஸ்ட்டுக்கு இருக்கான்னு பாத்துட்டுத்தான் பணம் கட்டணும். ரெண்டாவது, ரிப்போர்ட்டுங்கறது நீங்க குடுத்த அந்த சாம்பிளுக்கு மட்டும்தான், உங்க கம்பெனிக்கு குடுத்த சர்டிபிகேட் இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் விசிட்டிங் கார்டுலயே "ஆராய்ச்சி நிலையத்தால் சோதிக்கப்பட்டது"ன்னு போட்டுக்கிட்டாரு, அப்படியெல்லாம் போடக் கூடாது.

துருவ எவ்வளவு தாங்குதுன்னு பாக்குற சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் பத்தியும் சொல்லிடறேன், இதுல ஏகப்பட்ட கட்டுக்கத ஓடுது. 5 சதவீத உப்புத் தண்ணி, 35 டிகிரி, பனி மாதிரி தூவிக்கிட்டே இருக்கும் ஒரு பெட்டிக்குள்ள. கஸ்டமர் 96 மணி நேரம் வெள்ளைத் துரு (ஜிங்க் அரிச்சு வர்ற வெள்ளைப் பொடி) வரக்கூடாதும்பாரு. சில பேரு இத்தன மணி நேரம் தாங்குனா இத்தன வருஷம் தாங்கும்னு கணக்குச் சொல்லுவாங்க. அங்க ஒரு சார்கிட்ட இதக் கேட்டேன், அப்படி ஒரு கணக்கே கெடையாதுன்னு ஒரே வரியில முடிச்சிட்டாரு. அந்தப் பெட்டி ஒரு லாட்டையும் இன்னொரு லாட்டையும் ஒப்பிட்டுப் பாக்கத்தான், வெயில், மழை, காத்து, காய்ஞ்சு நனையுறது எதுவும் அதுல இல்ல. வருஷக் கணக்கு வேணும்னா தகட நெசமான காத்துல வச்சுத்தான் பாக்கணும், அதுக்குத்தான் சிக்ரிக்கு மண்டபம்ங்கற ஊர்ல ஒரு நிலையம் இருக்கு. ராமேஸ்வரம் போற வழி, ரெண்டு பக்கமும் கடல். அங்க உலோகத் தகடுகள ஸ்டாண்டுல மாட்டி உப்புக் காத்துல விட்டு வருஷக்கணக்கா பாப்பாங்க. பக்கத்துல பாம்பன் பாலம் 1914-ல இருந்து அந்தக் காத்துலயே நின்னுச்சு, பெயின்ட் அடிக்கிறதும் தேய்க்கிறதும் ஓயாத வேலை. அந்தப் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பியப் பாத்தாலே தெரியும். நம்ம 96 மணி நேரத்த வச்சுக்கிட்டு ராமேஸ்வரத்து ஆளுக்கு கேரண்டி குடுத்துறாதீங்க.

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்னு நெனக்கிற இன்னொரு சங்கதி, அந்த நிலையம் காரைக்குடிக்கு எப்படி வந்துச்சுங்கறது. நாட்டுக்கு சுதந்திரம் கெடச்ச சமயத்துல சிஎஸ்ஐஆர் (சென்ட்ரல் கவர்மெண்டோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு) ஒவ்வொரு ஊரா ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சுக்கிட்டு இருக்கு, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதுக்குத் தலைமை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூபாயும் நான் தர்றேன், எங்க ஊருக்கு ஒண்ணு குடுங்கன்னு நின்னாரு. அந்தக் காலத்து 15 லட்சம்! 1948 ஜூலை 25-ந் தேதி நேரு வந்து அடிக்கல் நாட்டினாரு, 1953 ஜனவரி 14-ந் தேதி அப்ப துணை ஜனாதிபதியா இருந்த ராதாகிருஷ்ணன் தொறந்து வச்சாரு. பேட்டரி, துருப் பிடிக்கிறது, பிளேட்டிங், கட்டடக் கம்பிக்கு அடிக்கிற சிமெண்ட் பாலிமர் கோட்டிங், எல்லாம் அங்க நடக்குற வேலதான். ஒரு செட்டியார் ஊருக்குன்னு குடுத்த எடத்துல நம்ம ஊரு பிளேட்டிங்காரன் கூச்சப்பட்டு வெளியவே நிக்கிறதுல என்ன அர்த்தம் இருக்குன்னு எனக்குத் தெரியல.

வளாகத்துக்குள்ளயே பி.டெக் கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் இருக்கு, அண்ணா யுனிவர்சிட்டி டிகிரி. பசங்களுக்கு ட்ரெயினிங்குக்கு எடம் தேவைப்படும், நமக்கு விவரம் தெரிஞ்ச பசங்க தேவைப்படும். ஒரு பையன நாலு வாரம் நம்ம லைன்ல நிக்க விட்டாப் போதும், ரின்ஸ் டேங்க்ல இருந்து ட்ராக்-அவுட் (பீஸோட ஒட்டிக்கிட்டு வெளிய போற கரைசல்) வரைக்கும் அளந்து ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருவான். நம்ம ஆளுங்களுக்கு பிளேட்டிங்ல குறுகிய கால பயிற்சியும் அப்பப்ப போடுறாங்க, வெப்சைட்ல பாத்துக்கிட்டே இருக்கணும். சூப்பர்வைசர அனுப்புங்க, ஓனர் போய் சர்டிபிகேட் வாங்கி ஃப்ரேம் போடுறதுல பிரயோஜனம் இல்ல. முதல்ல சும்மா உள்ள போய்ப் பாத்துட்டு வரணும்னா செப்டம்பர் 26 சிஎஸ்ஐஆர் நிறுவன நாள், அதையொட்டி பொதுவா சிஎஸ்ஐஆர் லேப்கள்ல பொதுமக்களையும் ஸ்கூல் பிள்ளைங்களையும் உள்ள விடுவாங்க, தேதிய முன்னாடியே பாத்துக்கங்க.

ரெண்டாவது தரம் நாங்க போனது 10.9 கிரேடு (ரொம்பக் கெட்டியான ஸ்டீல்) போல்ட்டுக்காக. கஸ்டமர் டைட் வைக்கும்போது ஒண்ணும் ஆகல, மறுநாள் காலையில பாத்தா தலை தனியா தெறிச்சு கீழ கெடக்கு. இந்தத் தரம் மூணு பீசும், பிக்ளிங் நேரம் குறிச்ச நோட்டும் கையிலயே இருந்துச்சு, பேச்சு சட்டுன்னு முடிஞ்சிருச்சு. ஆசிட்லயும் பாத்லயும் வர்ற ஹைட்ரஜன் ஸ்டீலுக்குள்ள பூந்துக்கும், கெட்டியான ஸ்டீல்னா அது உள்ளயே இருந்து மெல்ல மெல்ல விரிசல் விடும், அதான் உடனே உடையாம மறுநாள் உடையுது. இந்த மாதிரி போல்ட்ட பிளேட்டிங் முடிஞ்ச நாலு மணி நேரத்துக்குள்ள ஓவன்ல 190-ல இருந்து 220 டிகிரிக்குள்ள பல மணி நேரம் வைக்கணும். பேசிவேஷனுக்கு முன்னாடி வைக்கணும், அந்தச் சூட்ட பேசிவேஷன் படலம் தாங்காது. பிக்ளிங்க எவ்வளவு கொறைக்க முடியுமோ கொறைக்கணும். ஜாப் ஒர்க் பண்றவங்க எல்லாம் சரக்கு உள்ள வரும்போதே கிரேடு என்னன்னு டெலிவரி சலான்ல எழுதி வாங்குங்க, கஸ்டமர் சொல்லலன்னா நமக்கு 8.8-ம் 12.9-ம் பாக்க ஒரே மாதிரிதான், தலையில மார்க் இருந்தாலும் பேரல்ல கொட்டுற அவசரத்துல யாரு பாக்குறா.

இப்ப எங்க கஸ்டமர் ஒருத்தரு ஜிங்க்-நிக்கல் (ரெண்டு உலோகமும் சேந்து படியுற பிளேட்டிங்) பண்ண முடியுமான்னு கேட்டுக்கிட்டு இருக்காரு. பாத் வெலை, ஆனோடு, கழிவுத் தண்ணியில நிக்கலும் அதப் புடிச்சு வைக்கிற காம்ப்ளக்ஸ் கெமிக்கலும் சேந்தா இப்ப இருக்குற இடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தாங்குமான்னு கேள்விய எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கேன். உங்கள்ல யாராவது சின்ன அளவுல ஜிங்க்-நிக்கல் ஓட்டுறீங்கன்னா, கழிவுத் தண்ணிய எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு மட்டும் கொஞ்சம் சொல்லுங்க, அதையும் கேட்டுக்கிட்டு மெயில் போட்டுடறேன்.